தொட்டில்காரர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

ஆம்புலன்ஸ் நிலையத்தில் தொட்டில்காரர் என்று கேட்டால் வாசலில் இருப்பவர்கூட வழி காட்டுவார். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளப் பிரிவில் இருக்கும் அம்மையார் மட்டும்தான், அதுவும் ஃபைலைப் பார்த்துச் சொல்வார். இருபத்தாறு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றார்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேரும் ஓட்டுநர் யாராக இருந்தாலும் முதல் நாள் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. ஸ்ட்ரெச்சரில் படுக்க வேண்டும். பட்டையை இறுக்கிக் கட்டி, கண்மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிடுவார்கள். பழைய ஓட்டுநர் ஒருவர் ஊரைச் சுற்றி அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வருவார். இறங்கிய பிறகு படுத்திருந்தவர் பேச வேண்டும்: எங்கே தூக்கிப்போட்டது, எந்தத் திருப்பத்தில் வயிறு புரண்டது, எந்த பிரேக்கில் கழுத்து வலித்தது. ஓட்டியவர் வாயைத் திறக்கக் கூடாது. "நான் மெதுவாத்தான் வந்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு. "படுத்திருப்பவர் சொல்வதே கணக்கு" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். எழுதி ஒட்டியவர் நம்மவர்தான்.

ஒருமுறை புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவரைப் படுக்க வைத்து நம்மவர் ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து துண்டை எடுத்துப் பார்த்தால், ஆள் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து இவர் தொட்டில்காரர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சட்டைக்குள் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். டயருக்கு அடியில் சிறு கல் கிடந்தாலும் அது உருண்டைக் கல்லா, முனை உடைந்த கல்லா என்று தன்னால் சொல்ல முடியும் என்று அவர் நம்பினார். நம்பினார் என்பதோடு நிற்கவில்லை, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியும் வந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வந்த ஆசையைப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். அதற்குப் பின்னால் ஒரு பெட்டி வைக்கக்கூட இடம் பத்தாது. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டபின் சிரிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷம் என் முதுகுக்குப் பின்னால யாராவது ஒருத்தர் படுத்திருந்தாங்க. முனகுனாலும் பயம், முனகலை நிறுத்தினா அதைவிடப் பயம். பின்னால யாரும் படுக்கவே முடியாத வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்."

எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சேர்க்க முடியாமல் போன சிலரின் மூச்சு இன்னும் அவர் காதில் இருந்தது. அந்த மனிதருக்கு இந்த ஆசை நியாயம்தான் என்று நான் சொல்வேன்.

இனி அவருடைய மனைவி. நகர நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். பிள்ளைகளும் பெரியவர்களும் கோச்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆழமான பக்கத்தில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், உடை மாற்றும் அறையில் இருப்பவர்கூட ஒரு கணம் கையைத் தூக்கிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் குளத்துப் படியில் வழுக்கி விழுந்து, முதுகுத்தண்டில் ஒரு வட்டு பிதுங்கி, அறுவை சிகிச்சை நடந்தது. நாலு மாதம் படுக்கை. ஐந்தாம் மாதம் தண்ணீரில் இறங்கினார். எட்டாம் மாதம் பலகையில் ஏறித் தலைகீழாகக் குதித்தார். டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, இனிமேல் என்னிடம் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

டாக்டர் விட்டாரே தவிர வீட்டுக்காரர் விடவில்லை. காரில் ஏறினால் சீட்டில் தலையணை. தலையணைக்கு மேல் ஒரு போர்வை. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்க்கும் வேகம். குளத்துக்குப் போகும் நேர்ச்சாலையில் ஒரு கிலோமீட்டருக்குக் குண்டும் குழியுமாக இருக்கும் என்பதால், ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழி. நடுநடுவே "வலிக்குதா?" என்று ஒரு கேள்வி. கோச்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் பொறுத்தார். பிறகு, "நான் பஸ்ஸுலயே போயிக்கறேங்க. சீக்கிரம் போயிடலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன்பின் அவர் கணவரோடு காரில் போனது கை விரல்களுக்குள் அடங்கும்.

பஸ்ஸில் நின்றுகொண்டே குலுங்கிக் குலுங்கிப் போகிறவருக்கு முதுகு வலி எப்படி இருக்கும் என்று தொட்டில்காரர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கார் உதறுவது தாங்காமல்தான் கோச்சம்மா வர மறுக்கிறார், வெளியே சொல்ல மனமில்லாமல் பஸ்ஸைச் சாக்குச் சொல்கிறார் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். வாங்கப்போவது இரண்டு சீட் வண்டி. ஒன்றில் அவர். இன்னொன்றில் கோச்சம்மா உட்காரவில்லை என்றால் அது என்ன வண்டி, பாதி வண்டி. ஆகவே அவருக்கு வேண்டியது வேகமும் இல்லை, பளபளப்பும் இல்லை. கோச்சம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும். அவ்வளவுதான்.

பழைய வண்டிகளைத் தேடித் தேடி, கடைசியில் இரண்டில் வந்து நின்றார். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்பது வயது. ஒன்று நீலம், இன்னொன்று சாம்பல். நீல வண்டியில் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் சாதாரண வகை, கம்பெனியில் என்ன பொருத்தினார்களோ அதுதான். சாம்பல் வண்டியில் அடாப்டிவ் சஸ்பென்ஷன். சாலைக்குத் தகுந்தபடி ஷாக் அப்சார்பர் தானே இளகும், தானே இறுகும். ஓட்டுபவரும் ஒரு பட்டனை அழுத்தி மெத்தென்று வேண்டுமா, விறைப்பாக வேண்டுமா என்று சொல்லலாம். விலையும் அதற்கேற்ப ஒரு படி மேலே. இந்த விவரம் படித்த அன்று தொட்டில்காரருக்குத் தலைகால் புரியவில்லை. காருக்குள்ளேயே தொட்டில் இருக்கிறது என்றால் வேறு என்ன வேண்டும்.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. இரண்டையும் பார்த்துவிடுவது என்று முடிவானது. சோதனைக்கு வர கோச்சம்மா சம்மதித்தது அவருக்கே ஆச்சரியம்.

"வரேன். ஆனா தலையணை வெச்சா இறங்கிடுவேன்."

"தலையணை வேண்டாம். துண்டு மட்டும்."

"துண்டு எதுக்கு?"

"கண்ணை மூடிக்க. எங்க நிலையத்து முறை."

கோச்சம்மா நெற்றியில் தட்டிக்கொண்டார். ஆனால் வந்தார்.

நீல வண்டியின் சொந்தக்காரர் ஒரு கால்நடை மருத்துவர், இளம் பெண். மருத்துவமனை வாசலிலேயே வண்டி நின்றது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் தன் வயிற்றைக் காட்டினார். "ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு பேர் வந்துட்டாங்க சார். ஸ்கேன்ல பாத்தாச்சு, இரட்டைதான். இந்த வண்டியில எங்க உக்கார வைக்கிறது?" சர்வீஸ் செய்த ரசீதெல்லாம் வருட வாரியாக ஒரு ஃபைலில் இருந்தது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் போன வருடம்தான் மாற்றியிருந்தார்.

"இதுல பட்டன் கிட்டன் எதுவும் கிடையாது" என்றார் மருத்துவர். "ரோட்டுல என்ன இருக்கோ அதை அப்படியே சொல்லிடும். பூசி மெழுகாது. ஆனா அடிக்கவும் அடிக்காது."

கோச்சம்மா சீட்டைச் சாய்த்து, கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டார். தொட்டில்காரர் புறப்பட்டார். புறப்பட்டார் என்று சொல்லலாமா தெரியவில்லை, வண்டி நகர்ந்தது. இருநூறு குதிரை இழுக்கும் எஞ்சின் அவர் காலடியில் கொட்டாவி விட்டது. முதல் வேகத்தடைக்கு நூறடி முன்பே நடைவேகம். மருத்துவமனைப் படியில் கழுத்தில் கூம்பு கட்டி உட்கார்ந்திருந்த நாய் ஒன்று, வண்டி தெருமுனையைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"இந்த மூடி மேல ஏறினப்ப?"

"எந்த மூடி?"

"சாக்கடை மூடி. டங்குன்னு கேட்டுச்சே."

"கேட்டுச்சு. வலிக்கல."

சுற்றி முடித்து நின்றதும் கோச்சம்மா துண்டை எடுத்தார். "பதினொரு தடவை கேட்டுட்டீங்க. எண்ணிட்டு வந்தேன். சரி, உங்க முறைப்படி சொல்றேன். சீட் நல்லா இருக்கு, முதுகை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்குது. ரோடு தெரியுது, ஆனா உறுத்தல. வண்டியில குறை இல்லை. ஓட்டறவரைத்தான் மாத்தணும்."

மருத்துவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தொட்டில்காரர் சிரிக்கவில்லை. சாக்கடை மூடியில் ஏறியபோது கோச்சம்மாவின் கை சீட்டின் ஓரத்தைப் பிடித்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்திருந்தார். வலி தாங்கத்தான் பிடித்திருக்கிறார், தன் ஆசைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று மறைக்கிறார் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார். உண்மையில் துண்டு மூக்கில் விழுந்து தும்மல் வரப் பார்த்தது, அதை அடக்கத்தான் பிடித்தார். யார் கேட்டார்கள்?

மறுநாள் சாம்பல் வண்டி. பழைய கார்கள் விற்கும் டீலர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். அடாப்டிவ் சஸ்பென்ஷனைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய உள்ளங்கை படகு போல மேலும் கீழும் மிதந்தது.

"சாஃப்ட்ல வெச்சீங்கன்னா மெத்தை சார். நார்மல், அது நார்மல். ஸ்போர்ட்டைத் தட்டினீங்கன்னா பாறை. ஒரே வண்டிக்குள்ள மூணு வண்டி."

அதே முறை, அதே துண்டு. டீலருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் வாடிக்கையாளர் செய்வது எல்லாம் சரி என்ற முகத்தோடு கதவைச் சாத்திவிட்டார். கொஞ்சம் கரடுமுரடான தெருவாகப் பார்த்துத் தொட்டில்காரர் வண்டியைத் திருப்பினார். பட்டனை அழுத்தினார். சாஃப்ட் என்று பச்சை விளக்கு எரிந்தது.

ஆகா. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்குவது தெரிகிறது, ஆனால் உடம்புக்கு வந்து சேரவில்லை. இருபத்தாறு வருடமாக இப்படி ஒரு வண்டி கையில் இருந்திருந்தால் எத்தனை பேர் முனகாமல் வந்திருப்பார்கள் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தெருமுனையில் திரும்பி, ஸ்போர்ட்டை அழுத்தினார். சிவப்பு விளக்கு. அதே பள்ளம். இப்போது இடுப்புவரை இடித்தது. அவசரமாக மறுபடி பச்சைக்குப் போனார். பஞ்சு.

"பாத்தியா?" என்றார்.

"எதை?"

"முதல்ல போனதுக்கும் அடுத்து போனதுக்கும் வித்தியாசம்."

"ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"எப்படி ஒண்ணா இருக்கும்? ஒண்ணு மெத்தை, ஒண்ணு பாறை."

"மூணு தடவையும் ஒரே மாதிரிதாங்க இருந்துச்சு. அந்த நீல வண்டியோட இது கொஞ்சம் தொளதொளன்னுகூட இருக்கு."

தொட்டில்காரர் வண்டியை ஓரங்கட்டினார். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் எப்படி ஓடுகிறது, சின்ன வால்வு அதை எப்படித் தடுக்கிறது என்று நேற்று இரண்டு மணி நேரம் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டார். கோச்சம்மா துண்டைக் கண்ணில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் தூங்கிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"உனக்குப் பழக்கம் இல்ல. அதான் பிடிபடல" என்று முடித்தார்.

திரும்பிப் போய் இறங்கியதும், விஷயத்தைக் கேட்ட டீலரும் ஒத்து ஊதினார். "சாருக்கு அனுபவம் மேடம். சாதாரண ஆளுக்கு இந்த நுணுக்கம் தெரியாது."

கோச்சம்மா டீலரை ஒரு பார்வை பார்த்தார். முதல் நாள் தண்ணீரில் இறங்க அடம் பிடிப்பவர்களைப் பார்க்கும் பார்வை. டீலர் சாவிக்கொத்தைத் தேட ஆரம்பித்தார்.

இந்த வண்டிதான் என்று தொட்டில்காரர் மனதில் முடித்துவிட்டார். வாங்குவதற்கு முன் தன் மெக்கானிக் ஒருமுறை பார்க்கட்டும் என்றார். டீலரும் தாராளமாகக் கொண்டுபோங்கள் என்றார். மெக்கானிக் பல வருடம் ஆம்புலன்ஸ்களைப் பார்த்தவர், இப்போது தனியாகப் பட்டறை வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்.

வண்டியை லிஃப்டில் ஏற்றும்வரை தொட்டில்காரர் பட்டனின் பெருமையைப் பேசி ஓயவில்லை. பச்சையில் வைத்தால் எப்படி, சிவப்பில் வைத்தால் எப்படி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மெக்கானிக் தலையாட்டிக்கொண்டே அடியில் போனார். டார்ச்சை அடித்தார். முன்சக்கரம், பின்சக்கரம், மறுபடி முன்சக்கரம். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க."

தொட்டில்காரர் குனிந்து போனார். கோச்சம்மாவும் போனார்.

"இது சாதா ஷாக்கு. நாலுமே. அடாப்டிவ்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒயர் வந்து மாட்டியிருக்கணும். இங்க பாருங்க ஒயரை. மடிச்சு, டேப் சுத்தி, பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டி விட்டிருக்காங்க. நுனியில இந்தக் குட்டி பிளக் தெரியுதா? எல்லாம் நல்லா இருக்குன்னு கம்ப்யூட்டரை ஏமாத்த. அடாப்டிவ் ஷாக்கு கெட்டுப்போனா ஒரிஜினல் விலை தலை சுத்தும். யாரோ பழைய ஓனர் சிக்கனமா முடிச்சுட்டார். டீலர் அடியில குனிஞ்சே பாத்திருக்க மாட்டார்."

"அப்ப பட்டன்?"

"லைட்டு எரியும்."

"அவ்வளவுதானா?"

"பச்சை, சிவப்பு ரெண்டும் எரியும்ணே" என்றார் மெக்கானிக், குறை ஒன்றும் வைக்கக்கூடாது என்பதுபோல.

தொட்டில்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெக்கானிக் நல்ல மனிதர். ஸ்பானரைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். கோச்சம்மா சிரிப்பார் என்று தொட்டில்காரர் காத்திருந்தார். சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

வெளியே பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தொட்டில்காரர் அவற்றின்மேல் போய் உட்கார்ந்தார். உருண்டைக் கல்லா, முனை உடைந்த கல்லா என்று சொல்லக்கூடிய உடம்பு. ஒரு பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுப் பஞ்சு என்றது. சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் பாறை என்றது. கண்ணில் தண்ணீர் வேறு வந்ததே. அதை நினைத்தபோது அவருக்குக் காது வரை சுட்டது.

கோச்சம்மா இரண்டு கோப்பை டீயோடு வந்து பக்கத்து டயரில் உட்கார்ந்தார்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சதே" என்றார் தொட்டில்காரர். "சத்தியமாத் தெரிஞ்சது. இடுப்புல இடிச்சுது."

"நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்." டீயைக் கையில் கொடுத்தார். "மூணு வருஷமா என் முதுகுலயும் இப்படித்தாங்க உங்களுக்கு வலி தெரியுது."

தொட்டில்காரர் டீயைக் குடிக்கவில்லை. பட்டறைக்குள் யாரோ எதையோ சுத்தியலால் தட்டினார்கள். அது நின்றதும், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"அன்னைக்கு நீ விழுந்தப்ப என் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனேன். மார்க்கெட் திருப்பத்துல உள்வாங்கின மூடி ஒண்ணு இருக்கு. எத்தனையோ வருஷமா அதை ஒதுக்கித்தான் போவேன். அன்னைக்கு ஏத்திட்டேன். நீ கத்தின. அந்த மாதிரி நீ கத்தி நான் கேட்டதே இல்ல. எல்லாரையும் அலுங்காம கொண்டு போனேன், உன்னை மட்டும் போட்டு உதறிட்டேன்."

மூன்று வருடத்துத் தலையணையும் போர்வையும் சுற்று வழியும் எங்கிருந்து வந்தன என்று கோச்சம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபப்பட்டுக் கோபப்பட்டு பஸ் ஏறிப் போன நாட்களை நினைத்து அவருக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் கோச்சம்மா முதலில் யோசித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு நன்றாக யோசித்தார்.

"மூடியா?" என்றார். "எனக்கு எந்த மூடியும் ஞாபகம் இல்லையேங்க. கத்தினேன், அது வாஸ்தவம். உங்க கூட வந்த அந்தத் தடியான நர்ஸ் ஊசி குத்தினார். நரம்பு கிடைக்கல. எடுத்துட்டு இன்னொரு தடவை குத்தினார். அதுக்குத்தான் கத்தினேன். அவரைத் திட்டக்கூடத் திட்டினேன்."

"இல்ல, மூடியில ஏறின அந்த நிமிஷம்தான்..."

"பின்னால படுத்திருந்தது யாரு?"

"நீதான்."

"உங்க சுவத்துல என்னங்க எழுதியிருந்துச்சு?"

தொட்டில்காரர் எழுதிய சட்டம், அவர் கையெழுத்து. அந்தச் சட்டப்படி ஓட்டியவருக்குப் பேச்சே கிடையாது. எத்தனை புதியவர்களை இதே சட்டத்தைக் காட்டி வாயடைத்திருப்பார். அன்றைக்கு ஏன் கத்தினாய் என்று மூன்று வருடத்தில் ஒருமுறையாவது கோச்சம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். "வலிக்குதா?" என்று ஆயிரம் தடவை கேட்டாரே தவிர, வந்த பதிலை ஒரு தடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த டீயைக் குடிங்க, ஆறுது" என்றார் கோச்சம்மா. அவர் குடித்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தார். இரண்டு வாய் குடித்த பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்ததும் தான் அழுததைச் சொன்னார். அதற்குக் கோச்சம்மா சிரித்த சிரிப்பில் மெக்கானிக் வெளியே ஓடி வந்து, விஷயம் தெரிந்ததும் இனி அடக்கத் தேவையில்லை என்று அவரும் சேர்ந்துகொண்டார்.

சாம்பல் வண்டி டீலரிடம் திரும்பிப் போனது. அவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, சட்டையில் கிரீஸோடு எழுந்து, விலையைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டார்கள். அடாப்டிவ் சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்யும் வண்டி ஒன்றைத் தேடிப் பார்க்கட்டுமா என்று மெக்கானிக் கேட்டார். நன்றாக இருந்தால் அது அருமையான சாதனம்தான், ஆனால் பழைய வண்டியில் அதைப் பராமரிக்க ஒரு தனி மனது வேண்டும் என்றும் சொன்னார். தொட்டில்காரர் கோச்சம்மாவைப் பார்த்தார்.

"நீல வண்டி" என்றார் கோச்சம்மா. "அன்னைக்கே சொன்னேனே."

"ஆமா, சொன்ன" என்றார் தொட்டில்காரர்.

கால்நடை மருத்துவர் சாவியைக் கொடுக்கும்போது, ஊசி போட்ட கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல வண்டியின் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். இதைப் பட்டினி போட்டு நிறுத்தி வைக்காதீர்கள், ஓட்டுங்கள் என்றார்.

அடுத்த வாரம் காலை வேளையில், குளத்துக்குப் போக இருவரும் கிளம்பினார்கள். சுற்று வழி பிரியும் இடம் வந்தது. தொட்டில்காரர் கை பழக்கத்தில் சிக்னல் போட்டது. அதை எடுத்துவிட்டு நேராகப் போனார். குண்டும் குழியுமான அந்த ஒரு கிலோமீட்டர் எதிரே விரிந்தது. முதல் குழியைச் சுற்றினார். இரண்டாவதையும் சுற்றினார். மூன்றாவது தப்பவில்லை. தடால் என்று சக்கரம் இறங்கி ஏறியது.

அந்த நேரம் பார்த்துக் கோச்சம்மா ஏதோ பேசிக்கொண்டிருந்தார். தொட்டில்காரர் அந்தப் பேச்சில் எங்காவது ஒரு திணறல் வருகிறதா, ஒரு சொல் உடைகிறதா என்று காதைத் தீட்டினார். எதுவும் உடையவில்லை. வாக்கியம் குழிக்கு முன்னால் எப்படிப் போய்க்கொண்டிருந்ததோ, குழி தாண்டியும் அப்படியே போனது. ஒரு பேங்க் மேனேஜரைப் பற்றி ஏதோ சொல்கிறார். என்ன பேங்க் மேனேஜர்? அவர் காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்.

"...ஆறு வாரமா முகத்தைத் தண்ணியில வைக்க மாட்டேன்னுட்டார். ஐம்பது வயசு மனுஷன், கம்பியைப் பிடிச்சா பிடிச்சபடி. அன்னைக்கு ஒரு தும்மல் போட்டார் பாருங்க, பல் செட் கழண்டு ஆழமான பக்கம் போயிடுச்சு. நான் எடுக்கப் போறேன்னு திரும்பறதுக்குள்ள, மனுஷன் தலைகீழா உள்ள போயிட்டார்."

தொட்டில்காரருக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. வண்டி இன்னொரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, இருவரும் சேர்ந்து குலுங்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது எப்ப நடந்தது? நீ சொல்லவே இல்லையே" என்றார்.

கோச்சம்மா திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். ரெண்டு தடவையும் கார்லதான் சொன்னேன்."

கோச்சம்மா சொன்ன கதைகள் இன்னும் எத்தனை இப்படிக் காரிலேயே காற்றில் போயினவோ என்று தொட்டில்காரருக்குத் தோன்றியது. கியரை ஒரு படி மேலே தட்டினார்.

"முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.